கட் சொன்ன பிறகு

5 மார்ச் 2024, செவ்வாய்

மாலை 6.42. போன். என் மனைவி யோகேஸ்வரி பாலர் பள்ளி வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் வந்திருக்கிறாள். செமிலிங் தோட்டச் சாலையில் ஏதோ வண்டி மோதிவிட்டு நிற்காமல் போய்விட்டதாம். ஆள் அங்கேயே —

அப்போது நான் ஷூட்டிங்கில் மைக் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

7 மார்ச்

நேற்று யோகியை எடுத்தோம். பெட்டிக்கு முதலில் தோள் கொடுத்தவன் காளிதாசன், எங்கள் படத்தின் ஹீரோ. சுங்கைப்பட்டாணியில் போதைத் தூள் விற்று, உள்ளே போய், ராப் பாடகனாக வெளியே வந்தவன். அவன் கதைதான் படம், அவனே நடிக்கிறான். பணம் போடுவது பரஞ்சோதி. யாருக்காக விற்றானோ, அதே ஆள். ஊருக்கே தெரியும்.

காளி அழுத அழுகையில் மாமியாரே அவனுக்குத் தண்ணீர் கொடுத்தார். "யாரு பெத்த புள்ளையோ, இப்படி அழுவுது."

12 மார்ச்

வீட்டில் பிரிட்ஜ் சத்தம் மட்டும். சவுண்ட்காரன் காதுக்கு ஐம்பது ஹெர்ட்ஸ்.

20 மார்ச்

பதினாறாம் நாள். காளி வந்தான். "படத்துல கடைசிப் பாட்டு அண்ணிக்குத்தாண்ணே."

பரஞ்சோதியும் வந்தார். சாப்பிட்டுக் கை கழுவும்போது, "தம்பி, கார் சீனுக்குக் காளி இடுப்புல ஒரு சின்ன மெஷின் கட்டுனீங்களே, அது எங்க?"

"பேக்ல கிடக்குண்ணே."

"குடுத்துடுங்க லா. இந்த நேரத்துல உங்களுக்கு எதுக்கு வேலை."

முதலாளிக்கு எதற்கு ரெக்கார்டர்?

21 மார்ச்

மெஷினில் பதிவானதைக் கேட்டுவிட்டேன்.

விபத்தன்று கட் சொன்னதும் அதைக் கழற்றாமலே பரஞ்சோதியின் ஹைலக்ஸ் வண்டியில் ஏறியிருக்கிறான் காளி. மறுநாள் உடுப்புகளோடு கிடந்ததை, உடை பார்க்கும் உமாராணி என் பேக்கில் வைத்திருக்கிறாள். பேட்டரி சாகும்வரை ஓடியிருக்கிறது.

காளி பாட்டை முணுமுணுக்கிறான். பிரேக். அந்தச் சத்தம்.

"ண்ணே நிப்பாட்டுங்க! யோகி அண்ணி லா அது!"

"சீட்டுக்கடியில தூள் இருக்கு. வாய மூடுறா." பரஞ்சோதி குரல்.

பிறகு டிக், டிக், டிக். ஒழுங்கா சிக்னல் போட்டுத் திரும்பியிருக்கானுங்க.

அந்தத் தோளையாடா குடுத்த, காளி?

22 மார்ச்

பீடோங் கோப்பிக் கடைக்குக் காளியை வரச் சொன்னேன்.

"என்கூட போலீஸ் பாலாய்க்கு வா. ஓட்டுனது யாருன்னு போலீஸ்கிட்ட சொல்லு."

கோப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தான்.

"படம் வந்துட்டா நான் மனுசன் ஆயிருவேண்ணே. ரெண்டு மாசம் பொறுங்க லா."

"அவ வரமாட்டாடா ரெண்டு மாசத்துல."

"மொதலாளிக்குத் தெரிஞ்சா உங்களையும்..." கடைசியில், திங்கக்கிழமை வருகிறேன் என்றான்.

23 மார்ச்

ஹைலக்ஸ் எங்கள் வீட்டு வரிசையில் மெதுவாக ஊர்ந்து போனது. முன் பம்பர் புதுசு.

24 மார்ச்

பரஞ்சோதி போன். குரலில் அவ்வளவு அன்பு. "மெஷின் இன்னும் வரலயே தம்பி. பதினாறும் முடிஞ்சிருச்சு. இனி உங்க உயிரப் பாருங்க."

என் உயிரா? எதுக்கு?

25 மார்ச், திங்கள்

பாலாய் வாசலில் மதியம்வரை நின்றேன். காளி வரவில்லை. தனியாக உள்ளே போனேன். மெஷினைக் கொடுத்து, இன்ஸ்பெக்டர் காதில் என் ஹெட்போனை மாட்டினேன். குரல்கள் யாருடையவை என்று கேட்டார். இரண்டு பெயரையும் சொன்னேன்.

சாயங்காலம் காளியிடமிருந்து மெசேஜ். "அண்ணே அவருக்குத் தெரிஞ்சிருச்சு. வீட்டுக்குப் போகாதீங்க."

வீட்டில்தான் இருக்கிறேன். வாசலில் ஒரு டீசல் வண்டி, எஞ்சின் அணையாமல் நிற்கிறது. மெஷினில் கேட்ட இந்தச் சத்தம் எனக்குத் தெரியும்.

மறுபடி காளி அழைக்கிறான். போனை அணைத்துவிட்டேன்.