போர்க்கப்பலின் கயிறுகள்

ஜூன் 3, செவ்வாய்

கப்பலில் இன்று நடுப் பாய்மரம் நின்றது. எழுபத்து நான்கு பீரங்கி, இரண்டு தளம், சாப்பாட்டு மேசை முழுக்க அதுதான். நாங்கள் சமையலறையில் நின்றுகொண்டு சாப்பிடுகிறோம். பழங்காலப் போர்க்கப்பல் ஒன்றின் வரைபடத்தை வைத்து, மரத்தைச் சீவிச் சீவி என் வீட்டுக்காரர் கட்டுகிறார். பள்ளி வேனை ஓட்டிவிட்டு வந்தால் நேரே மேசைக்குத்தான். என்னிடம் பேசுவதைவிட அதனிடம் பேசுவது அதிகம்!

ஜூன் 6, வெள்ளி

மாலுமிகள் பாய்மரத்தில் ஏறும் கயிற்று ஏணி நேற்று தொடங்கினார். மெழுகு தடவிய நூல். குறுக்கும் நெடுக்கும் சேரும் இடமெல்லாம் ஒரு முடிச்சு. காலையில் அவர் வேனை எடுத்துப் போனதும் பார்த்தேன். கோணல்மாணல். பாதி முடிச்சு கயிற்றைப் பிடிக்கவே இல்லை. வயதாகிறது, கை நடுங்குகிறதோ? போன மாதம் ஒரு கயிறு அறுந்ததற்கே இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டவர். பாவமென்று அவிழ்த்து நானே கட்டிவிட்டேன்.

சாயங்காலம் வந்து விரலால் தடவிப் பார்த்தார். "பாத்தியா, எப்படி விறைப்பா நிக்குது!" ஒரே பெருமை. நான் கட்டியது என்று காட்டிக்கொள்ளவில்லை.

ஜூன் 9

இன்றும் அவிழ்த்துக் கட்டினேன். எனக்குக் கழுத்து போய்விட்டது.

ஜூன் 12, வியாழன்

வேனில் நீளமாக ஒரு கீறல். "கேட்டை எவன் இவ்வளவு குறுகலா வச்சான்?" என்று எரிந்து விழுந்தார். இத்தனை வருடமாக அதே கேட். உள்ளே பிள்ளைகள் இருந்தார்களா என்று கேட்டேன். "இருந்தாங்க. அதுக்கென்ன இப்போ?"

முடிச்சு கோணியதற்கும் காரணம் கை இல்லை — கண். இவருக்குக் கண் தெரியவில்லை. ஐயோ, நான் என்ன காரியம் செய்து வைத்திருக்கிறேன்!

ஜூன் 13

காலையில் வேன் சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன். "பைத்தியமா உனக்கு? பிள்ளைங்க காத்துக்கிட்டு இருப்பாங்க!" என்று கத்தினார். அவர் விரலைப் பிடித்து ஏணியின் மேல் வைத்தேன். கீழே விறைப்பு, மேலே தொளதொள.

"இது மட்டும் ஏன் இப்படி?" என்றார்.

"மேல இருக்கிறது நேத்து நீங்க கட்டினதுங்க. கீழ எல்லாம் நான் அவுத்துக் கட்டினது."

விரலை எடுக்கவே இல்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்: "ரோடு கொஞ்ச நாளா மங்கலாத்தான் இருக்கு. முடிச்சு சரியா விழுதே, அப்ப கண்ணுக்கு ஒண்ணுமில்லன்னு நினைச்சுட்டேன்."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவரே பள்ளிக்கூடத்துக்கு போன் செய்து வேறு ஆளை அனுப்பச் சொன்னார். என்னிடம் பேசவில்லை.

ஜூன் 20, வெள்ளி

கண் மருத்துவர் சொல்லிவிட்டார். வலது கண்ணில் போனது போனதுதான். இடது கண்ணை இருக்கிறபடி காப்பாற்றலாம். இனி வண்டி கூடாது.

வீட்டுக்கு வந்ததும் மேசையருகே உட்கார்ந்து, "அந்தத் தொளதொளப்ப அவுத்துடு" என்றார். ஒரு வாரத்தில் முதல் பேச்சு. நான் கட்ட, அவர் தடவிப் பார்த்து "இன்னும் இறுக்கு" என்றார். அதிகாரத்துக்கு ஒன்றும் குறைச்சலில்லை.

ஜூலை 1, செவ்வாய்

புது டிரைவர் எங்கள் தெருவழியே வேனைக் கொண்டுவந்தார். வாசலில் நின்றிருந்தோம்.

"பிள்ளைங்க யாராவது கை காட்டுறாங்களா?"

"எல்லாருந்தாங்க."

கையை உயர்த்தி ஆட்டினார். வேன் முனையில் திரும்பிய பிறகும் ஆட்டிக்கொண்டே நின்றார். சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது.

"போயிடுச்சுங்க" என்றேன்.