வரேன் என்று சொல்லாத இடம்

செவ்வாய்

தூறல். பெண்கள் சிறையிலிருந்து கிளம்பும்போது இன்று ‘வரேன்’ என்று சொல்லவில்லை. கையை மட்டும் ஆட்டினேன். முதல் நாள் பழக்கத்தில் சொல்லிவிட்டு, கைதி தேவகியிடம் மாட்டிக்கொண்டது போதும். “இன்னா மிஸ், இங்கேர்ந்து போறவங்க யார்னா வரேன்னு சொல்லுவாங்களா? போறேன்னு சொல்லுங்க. திரும்பிப் பாக்காதீங்க.”

வீட்டில் ‘போறேன்’ என்றால் அம்மாவிடம் திட்டு.

உறவினர்கள் மனு போட்டுப் பார்க்க வரும் அறை. நடுவில் கம்பிவலை. கைதிகள் பக்கச் சுவரில், நான் சொல்லித்தர அவர்கள் வரையும் படம், வருகிறவர்கள் கண்ணில் படும்படி. கீழே தேவகியின் கரும்பு வயல். மேலே கல்வராயன் மலை, செல்லம்மாவின் ஊர். தன் வீட்டை வரைந்துவிட்டாள். கூரை பாக்கி. விடுதியில் படிக்கும் மகள் ஒருமுறைகூடப் பார்க்க வந்ததில்லை. “இங்க வந்தா பயந்துக்கும் மிஸ். வூட்டப் பாத்தா அழாது.”

என்ன வழக்கு என்று இன்றும் கேட்கவில்லை.

வாங்க: வெள்ளை பெயின்ட், மெல்லிய பிரஷ், அம்மாவுக்கு இருமல் மருந்து.

வியாழன்

மழை. சுவர் காயவே இல்லை.

செல்லம்மாவுக்கு ஜாமீன் கிடைத்து நாளாகிறது. பொறுப்பேற்க ஆள் வராததால் உள்ளேயே இருக்கிறாள். இன்று அண்ணன் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு மலையிலிருந்து இறங்கியிருக்கிறாராம். பிரஷைக் கழுவி வைத்துவிட்டாள். “அப்பறம் போடறேன் மிஸ்.”

தேவகி: “கூரை இல்லாத வூட்ல மழ பேஞ்சிக்கினு கீது. இப்பவே போடுடி.”

போடவில்லை.

வெள்ளி

மாலை உத்தரவு வந்தது. வார்டர் அக்கா பெயரைக் கூப்பிட்டார். ஒரே ஒரு துணிப்பை. வாசல்வரை சரியாகத்தான் போனாள். நின்றாள். திரும்பிச் சுவரைப் பார்த்தாள்.

“கூரை அப்படியே கெடக்கு. வரேன் மிஸ், வந்து முடிச்சிடறேன்.”

வார்டர் அக்காவின் கை பூட்டிலேயே நின்றது.

“வாயக் கழுவுடி,” என்றாள் தேவகி. “யாருக்கும் ஒண்ணும் கேக்கல. போ, போ.”

செல்லம்மாவின் முகம் செத்துவிட்டது. போனாள்.

கூரையை நான் போடட்டுமா என்று தேவகியிடம் கேட்டேன். “தொடாதீங்க மிஸ்.”

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. பஸ்ஸில் புத்தகத்தைத் திறந்தேன். ஒரு பக்கமும் ஓடவில்லை.

செவ்வாய்

வெயில். செல்லம்மா வந்தாள்.

ஸ்டேஷனில் ஜாமீன் கையெழுத்தைப் போட்டுவிட்டு, மகளோடு, தேவகியைப் பார்க்க மனு போட்டு. வலைக்கு அந்தப் பக்கம், வருகிறவர்கள் நிற்குமிடத்தில் நின்றாள். சிறுமி வலையில் மூக்கை வைத்து அழுத்தி, “அம்மா, நம்ம வூடு. ஏன் கூரை இல்ல?”

வார்டர் அக்காவைப் பார்த்தேன். தலையசைத்தார். தேவகி பிரஷை எடுத்தாள். அந்தப் பக்கத்திலிருந்து செல்லம்மா: “இன்னும் எறக்கு. சாரல் அடிக்கும். இன்னும்.”

“எறக்கிக்கினே போனா நீ குனிஞ்சிதான் போவணும்.”

“குனிஞ்சிதான் போவோம்.”

நேரம் முடிந்தது. செல்லம்மா வாயைப் பொத்திக்கொண்டு கையாட்டினாள். சிறுமிதான் அறை முழுக்கக் கேட்கும்படி, “போய்ட்டு வரேன்.”

தேவகி பிரஷைக் கீழே வைத்தாள். “வா கண்ணு. அந்தப் பக்கமே வா.”

மூன்று மணிக்கெல்லாம் கூரை காய்ந்துவிட்டது.