ஒரே நம்பரில் இரண்டு மிஷின்

மக்கா,

உன் மகள் இன்று காலை உன் லேப்டாப்பைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தாள். பையைத் திறந்ததும் ரப்பர் ஷீட்டுக்குப் புகைபோட்ட வாடை. ஆரியங்கோட்டில் உன் வீட்டுப் புகைப்புரைக்குப் பக்கத்து அறையிலேயே இத்தனை நாளும் இருந்திருக்கிறது. அந்த வாடையோடுதானே நீயும் தினமும் பாறசாலைக்கு, நம் சர்வீஸ் கடைக்கு வருவாய். பையைப் பிடித்துக்கொண்டே நின்றேன். "மாமா, இண்ணைக்குத் தொட்டு நானும் கடைக்கு வாறேன்" என்றாள் அவள்.

நாம் இருவரும் ஒரே மாடலில் பழைய லேப்டாப் வாங்கினோமே. உன்னுடையதில் வைஃபை கார்டு கெட்டுப்போய் வேறு ஒன்று போட்டாய். சுவிட்சைப் போட்டதும் முதலில் விழிக்கும் பயாஸ், இந்தக் கார்டுக்கு அனுமதி இல்லை என்று எழுதிக் காட்டிவிட்டு அப்படியே நின்றுவிட்டது. உனக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே! "மிஷின் எனக்கதாக்கும். இதுக்குள்ள எவன் கேறணும்ணு கம்பெனிக்காரனா சொல்லுவான்?"

நம் பைத்தியம் அந்தக் கோபத்தில்தான் தொடங்கியது. கம்பெனியின் பயாஸை அகற்றிவிட்டு, பலர் சேர்ந்து எழுதிய, யாரும் படித்துத் திருத்தக்கூடிய கட்டற்ற ஃபர்ம்வேரை அந்த இடத்தில் எழுதுவது. பயாஸ் குடியிருக்கும் எட்டுக்கால் சிப்பின்மேல் கிளிப்பைக் கடிக்கவிட்டு, பழையதை இரண்டு தடவை படித்து, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துப் பத்திரப்படுத்திய பிறகுதான் புதியதை எழுத வேண்டும். நீ அப்படித்தான் செய்தாய். நான் அவசரக்குடுக்கை. படிக்காமலே எழுதத் தொடங்கினேன், பாதியில் கிளிப் நழுவியது, மிஷின் செத்தது.

"எலே, பழையதுக்க காப்பி எங்க?"

"எடுக்கல்ல."

தலையில் அடித்துக்கொண்டாய். மத்தியானச் சோற்றையும் விட்டுவிட்டு, உன் சிப்பில் இருந்ததை அப்படியே எடுத்து என் சிப்பில் எழுதினாய். திரை வெளிச்சமானபோது உன்னைக் கட்டிப்பிடித்தேன். "விடுலே, ஆளு வருது" என்று உதறினாய்.

அதில் ஒரு வில்லங்கம். உன் மிஷினின் நெட்வொர்க் நம்பரும் கூடவே என்னுடையதில் ஏறிவிட்டது. மிஷினுக்கு மிஷின் வேறாக இருக்க வேண்டிய நம்பர் அது. கடையில் இரண்டையும் ஒரே நேரத்தில் கேபிளில் செருகினால் நெட் அறுந்துபோகும். "அந்த நம்பர மாத்தித் தொலைலே" என்று வருடக்கணக்கில் சொன்னாய். "நாளைக்கு" என்பேன். சோம்பல் என்று நினைத்தாய். உண்மையை இப்போது சொல்கிறேன். நெட் அறுந்தால் நீ திட்டிக்கொண்டே எழுந்து என் மேசைக்கு வருவாய். வந்தால் அரைமணி நேரம் போகமாட்டாய். எனக்கு அது பிடித்திருந்தது.

ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் கேட்டாய், "மாத்தினியாலே?" "நீ எழும்பி வா, சேந்து மாத்துவோம்" என்றேன். நீ வரவில்லை.

இன்று உன் மகள் கேபிளைச் செருகியதும் நெட் போனது. கெட்டிக்காரி, காரணத்தை உடனே கண்டுபிடித்துவிட்டாள். "ரெண்டுக்கும் ஒரே நம்பர் மாமா. நான் இதுல மாத்தட்டா?" உன் மிஷினில் உன் நம்பர்தான் இருக்க வேண்டும்.

"வேண்டாம் மக்கா, அது அப்பாக்க நம்பர். மாத்த வேண்டியது நானாக்கும்" என்றேன்.

என் சிப்பை இரண்டு தடவை படித்தேன். ஒத்துப் பார்த்தேன், காப்பி எடுத்து வைத்தேன், அப்புறம் புது நம்பரை எழுதினேன். என் மிஷின் செத்த அன்றைக்குப் பிறகு நான் எதையும் படிக்காமல் எழுதியதில்லை. உன்னிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்ட பழக்கம். எல்லாமாகப் பத்து நிமிட வேலை. நீ இருக்கும்போதே செய்திருக்கலாம்.

இரண்டு மிஷினையும் ஒன்றாகச் செருகினோம். நெட் அறுபடவில்லை. உன் மகள் தலை நிமிராமல் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். நான் காத்துக்கொண்டிருந்தேன். என் மேசைக்கு யாரும் எழுந்து வரவில்லை.