பால்வாடி உப்புமாவில் தோல் ஷாப் உப்பு

பேரணாம்பட்டு
14-7-1979

அன்பு மகள் கெங்காவுக்கு அப்பா எழுதுவது. இங்கே அனைவரும் சௌக்கியம், உன் அம்மாவின் வாய் மட்டும் கொஞ்சம் கூடுதல் சௌக்கியம். பிலாயில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நன்றாக இருக்க வேண்டுமென்று, வேறு வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கும் நம் தெருப் பிள்ளையாரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

உன் அண்ணன் மகள் மேகலாவைப் பால்வாடியில் சேர்த்திருக்கிறோம். காலையில் உப்புமா போடுகிறார்கள். ஒரு வாரமாக அவள் வீட்டுக்கு வந்ததும் வராததுமாகச் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தாள். போன வாரம் வியாழக்கிழமை அவளும் இன்னும் இரண்டு குழந்தைகளும் வாந்தி எடுத்துவிட்டார்கள். மறுநாள் காலையிலேயே போய் டீச்சர் அஃப்ஸர் ஜஹானைக் கேட்டேன். "உப்பு ஜாஸ்தின்னு நானும் சொல்லிக்கினேதான் இருக்கேண்ணே, கமிட்டில யாரும் காதுல வாங்கல, நீங்களே பாருங்க" என்று ஒரு கரண்டி கொடுத்தாள். வாயில் வைத்தேன். முதலில் உப்பு, பின்னாலேயே பாச்சா உருண்டை வாசனை. இருபது வருடமாகத் தோல் பதனிடும் ஷாப்பில் பச்சைத் தோலிலிருந்து உப்பு உதற வைக்கும் மேஸ்திரிக்கு இது தெரியாதா? தோல் கெடாமலிருக்க அந்த உருண்டையைப் பொடி செய்து உப்போடு கலந்துதான் பூசி அனுப்புகிறார்கள். சமையல் அறையில் மூட்டையைப் பிரித்தால் உப்புக்குள் மாட்டு ரோமம். மூட்டையின் மேல் எங்கள் ஷாப் முத்திரை.

கெங்கா, அதை வெளியே அனுப்பியவனே நான்தான். பால்வாடிக் கமிட்டி செக்ரட்டரி வீரபாகு இரண்டு மாதம் முன்பு வந்து, தென்னங்கன்று வைக்கும் குழியில் போட வேண்டும் என்று உதறிய உப்பைக் கேட்டான். குப்பைதானே என்று கேட் சீட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். இது அவனுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். பேசாமல் வீட்டுக்குப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன், உன்னிடம் மறைப்பானேன். ஆனால் பிள்ளைகள் தட்டோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அண்டாவைத் தூக்கிக் குப்பைமேட்டில் கவிழ்த்தேன். தெருநாய்கூட மோந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது.

சாயங்காலம் கமிட்டி கூடியது. வீரபாகு கொஞ்சமும் கூச்சமில்லாமல், "உப்புன்னா உப்புதானே மேஸ்திரி, நல்லா கழுவிட்டுத்தான் போட்டோம்" என்றான். உப்பைக் கழுவினானாம்! ஆண்கள் சிரித்தார்கள், தாய்மார்கள் சிரிக்கவில்லை. நான் எழுந்து, "என் சீட்டுலதான் வெளிய வந்துச்சு, எதுக்குன்னு விசாரிக்காம கொடுத்தது என் தப்பு" என்றேன். வாந்தி எடுத்த பிள்ளைகளில் ஒருத்தியின் தாய் ஜெயம்மாள் என்னைத் திட்டியதை இன்லண்டு லெட்டரில் எழுதினால் தபால்காரர் கொண்டுவர மாட்டார். கேட்டுக்கொண்டு நின்றேன். வீரபாகுவைக் கமிட்டியை விட்டு நீக்கிவிட்டார்கள். ஷாப்பில் என்னை மேஸ்திரி வேலையிலிருந்து எடுத்து, ரோமம் கழியத் தோலை ஊறப்போடும் சுண்ணாம்புத் தொட்டிக்கு மாற்றிவிட்டார்கள். நாற்றம் தாங்காமல் உன் அம்மா எனக்கு வாசலிலேயே சோறு போடுகிறாள்.

பயப்படாதே, டாக்டர் பார்த்தார், பிள்ளைகளுக்கு இப்போது ஒன்றுமில்லை. புது உப்பு வாங்கியாகிவிட்டது. ஆனாலும் தினமும் பிள்ளைகளுக்கு முன்னால் நான் ஒரு தட்டு உப்புமா தின்ன வேண்டும் என்று தாய்மார்கள் சொல்லிவிட்டார்கள். வேலைக்குப் போகுமுன் போய்ச் சம்மணம் போட்டு உட்காருகிறேன். ஜெயம்மாள் இடுப்பில் கைவைத்து, என் தொண்டைக்குள் இறங்குகிறதா என்று பார்க்கிறாள். அவள் மகள் எதிரில் உட்கார்ந்து, நான் கடைசி வாய் விழுங்கும்வரை தன் தட்டைத் தொடுவதில்லை. அவளாகத் தொடும் நாள்வரை போவதாக இருக்கிறேன்.

நீயும் உன் பிள்ளைக்குக் கொடுப்பதை முதலில் வாயில் வைத்துப் பார், டப்பா மாவாக இருந்தாலும் சரி. மாப்பிள்ளைக்கு என் அன்பு. மூவரும் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ்க. பதில் போட மறக்காதே.

இப்படிக்கு,
உன் அப்பா
அருணகிரி