ஜசிந்தாவின் புதுநன்மைப் பணம்

லிமரிக்
5 மார்ச் 1986

அன்புள்ள ஃபின்டன்,

இங்கே நாங்கள் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போன மாதம் வாரத்துக்கு முப்பது பவுண்டு வீதம் நாலு கவர் வந்திருக்க வேண்டும், மூன்றுதான் வந்தது. தபால்காரர் மேல் பழி போட மனம் வரவில்லை. தொண்ணூறில் வாடகை இருபத்துநாலு, நிலக்கரி பதினாறு, கேஸும் விளக்கும் பன்னிரண்டு. மிச்சத்தில் நாங்கள் மூன்று பேர் ஒரு மாதம் சாப்பிட்டோம். எப்படி என்று கேட்காதே. ரோனன் கைக்குழந்தை, அவனுக்கு ஒன்றும் தெரியாது. ஜசிந்தாவுக்குத்தான் முட்டைக்கோஸைப் பார்த்தாலே கோபம் வருகிறது. நேற்று தபால் ஆபீசில் வாங்கின குழந்தைகள் உதவித்தொகை முப்பதும் அவள் ஷூவுக்கும் ரோனன் மருந்துக்கும் போய்விட்டது.

மே பத்தாம் தேதி அவளுக்குப் புதுநன்மை, முதல்முதலாக நற்கருணை வாங்கப் போகிறாள். வசதியில்லாத பிள்ளைகளுக்கு இரவல் கொடுக்கப் பள்ளியில் சிஸ்டர் மூன்று வெள்ளைக் கவுன் வைத்திருக்கிறார். ஒன்றுக்கு அவள் பெயரைக் கொடுத்துவிட்டேன். தோளைக் கொஞ்சம் பிடித்தால் சரியாகிவிடும், செலவே இல்லை.

இந்த மாதம் நாலு கவரும் அனுப்பு, கண்ணா.

உன் பிலோமினா


லண்டன்
12 மார்ச் 1986

என் ராணி,

இரவல் கவுனா? என் மகளுக்கா? பக்கத்து வீட்டு கோனி பலிபீடத்தைப் பார்க்க மாட்டாள், நம் பிள்ளையின் தோள் தையலைத்தான் பார்ப்பாள். அப்புறம் ரொட்டிக் கடையில் ஒரு வருஷம் அதே பேச்சுதான். சிஸ்டரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடு. வேறு பிள்ளை போட்டுக்கொள்ளட்டும்.

ஈஸ்டருக்குள் அறுபது பவுண்டு தனியாக அனுப்புகிறேன். வாராவாரம் முப்பது அது பாட்டுக்கு வரும். இங்கே கட்டட வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமையும் கூப்பிடுகிறார்கள், நான்தான் பூசைக்குப் போகவேண்டும் என்று கறாராக இருக்கிறேன். சிரிக்காதே. கடையில் நல்லதாகப் பார்த்துச் சொல்லிவை, முக்காடும் வெள்ளை ஷூவும் சேர்த்து.

முட்டைக்கோஸை மன்னித்துவிடச் சொல் என் மகளை.

உன் மடையன்,
ஃபின்டன்


லிமரிக்
7 மே 1986

ஃபின்டன்,

ஈஸ்டருக்குப் பிறகு இது மூன்றாவது கடிதம். முந்தின இரண்டுக்கும் பதில் இல்லை.

உன் பேச்சை நம்பிச் சிஸ்டரிடம் வேண்டாம் என்றேன். அந்தக் கவுன் வேறு பிள்ளைக்குப் போய்விட்டது. ஈஸ்டர் வந்தது, உன் அறுபது வரவில்லை. கடையில் சொல்லிவைத்த உடுப்புக்குக் கெடு முடிந்தது. கடைசியில் மிசஸ் டூகனிடம் போனேன். ஆமாம், அந்த வட்டிக்காரியிடம்தான். அறுபது கொடுத்தாள், எண்பது கட்டவேண்டும். கட்டி முடிக்கிறவரை குழந்தைகள் உதவித்தொகைப் புத்தகம் அவளிடம் இருக்கும்.

நேற்று மாதத்தின் முதல் செவ்வாய். தபால் ஆபீஸ் வாசலில் ஏழு பெண்கள் வரிசையாக நின்றோம். அவள் கைப்பையைத் திறந்து ஆளுக்கொரு புத்தகமாக எடுத்துக் கொடுக்கிறாள். உள்ளே போய்ப் பணத்தை வாங்கி வந்து, பணத்தையும் புத்தகத்தையும் அவள் கையிலேயே வைக்கவேண்டும். "என்ன பிலோமினா, மூஞ்சத் தூக்கி வச்சிருக்க? ஒம் புருஷன் லண்டன்ல அள்ளிக் கொட்டுறான்னுல்ல கேள்விப்பட்டேன்?" என்றாள். மற்ற ஆறு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். முப்பது போனது, இன்னும் ஐம்பது பாக்கி.

மூன்று வாரமாக உன் முப்பதும் இல்லை. வாடகைக்காரர் இரண்டு முறை வந்தார். இரண்டு முறையும் ரோனன் வாயைப் பொத்திக்கொண்டு படிக்கட்டுக்கு அடியில் உட்கார்ந்திருந்தோம். எனக்குப் பயமாக இருக்கிறது, ஃபின்டன். உனக்கு என்ன ஆயிற்று?

பிலோமினா


லண்டன்
12 மே 1986

பிலோ,

பிப்ரவரி கடைசியிலேயே வேலை போய்விட்டது. அந்த அறுபதைப் பற்றி எழுதும்போது சட்டைப் பையில் நாலு பவுண்டுதான் இருந்தது. ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், எழுதும்போது அது பொய்யாகத் தோன்றவில்லை. அடுத்த திங்கள் எடுத்துக்கொள்வதாக ஒரு மேஸ்திரி சொல்லியிருந்தான். அதற்குப் பிறகு அனுப்பிய முப்பதெல்லாம் அறையில் கூட இருக்கிறவர்களிடம் கடன் வாங்கினது. இனிக் கொடுக்க யாரும் இல்லை. வெள்ளிக்கிழமை அறையையும் காலி செய்யவேண்டும்.

ஜசிந்தா புதுநன்மை உடுப்போடு வீடு வீடாகப் போய்க் காட்டியிருப்பாளே, எல்லாரும் வழக்கம்போல அவள் கையில் காசு வைத்திருப்பார்களே. அதில் இருபத்தைந்து அனுப்பு, ரயிலுக்கும் கப்பலுக்கும். வீட்டுக்கே வந்துவிடுகிறேன். அங்கே வேலையில்லாதோர் பணத்துக்குப் பதிந்துகொள்கிறேன். இங்கே பக்கத்துக் கோயில் முகவரி கீழே இருக்கிறது, அதற்கு எழுது. ஃபாதர் கொடுத்துவிடுவார்.

என்னால் இனி இங்கே இருக்க முடியாது, பிலோ.

ஃபின்டன்


லிமரிக்
20 மே 1986

அன்புள்ள ஃபின்டன்,

புதுநன்மை அன்று ஜசிந்தா அவ்வளவு அழகாக இருந்தாள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். கோனிகூட வாயைத் திறக்கவில்லை. தெரு முழுக்கச் சுற்றி வந்ததில் ஐம்பத்துமூன்று பவுண்டு சேர்ந்தது. சைக்கிள் வாங்கப்போவதாகச் சொல்லி அதை மூன்று முறை எண்ணினாள். நான் அவள் முன்னால் முழங்காலிட்டுக் கேட்டேன். கொடுத்துவிட்டாள். "பரவால்லம்மா, அடுத்த புதுநன்மைக்கு சைக்கிள் வாங்கிக்கலாம்" என்றாள். அது ஒரு தடவைதான் வரும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. டூகனுக்கு ஐம்பதைக் கொடுத்துப் புத்தகத்தை மீட்டுவிட்டேன். அதற்குப் பிறகுதான் உன் கடிதம் வந்தது. முன்பே வந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

இத்தனை நாள் உன் வாயில் இருந்த பணத்தை நம்பி மாதத்தை ஓட்டினேன். இப்போது கையில் இருப்பதை மட்டும் வைத்துப் பார்த்தேன். உதவித்தொகை முப்பதில் வாடகை போக ஆறு பவுண்டு. அதில் மாதம் முழுக்க மூன்று பேர்.

நேற்று உதவி ஆபீசுக்குப் போனேன். நீ வந்து பதிந்தால், விசாரித்துப் பணம் வர மூன்று மாதம் ஆகலாமாம். புருஷன் கைவிட்டுப் போனவளுக்கென்றால் அடுத்த வாரத்திலிருந்தே உண்டு. உன் முப்பதைவிடக் கூடுதல், வாரம் தவறாது.

கிளார்க் பேனாவைத் திறந்துகொண்டு, "அவரு எங்கம்மா இருக்காரு?" என்றார்.

"தெரியாது சார்."

"லெட்டர் கிட்டர் போடுறாரா?"

"இல்ல சார்."

"திரும்பி வருவாருன்னு நெனைக்கிறீங்களா?"

"மாட்டாரு" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.

ஆம்பிளை நடமாட்டம் இருக்கிறதா என்று வீட்டைப் பார்க்க வருவார்கள். உன் கோட்டையும் சவரக் கத்தியையும் கோயிலில் கொடுத்துவிட்டேன். கடிதங்களை அடுப்பில் போட்டேன். ஒன்றையாவது வைத்துக்கொள்ளலாம் என்று பார்த்தேன், தைரியம் வரவில்லை.

உன் மேல் கோபம் இருந்தது, இப்போது அதுவும் இல்லை. நீ வாசலில் வந்து நின்றால் ஓடி வந்து கட்டிக்கொள்வேன். எனக்குப் பயமே அதுதான்.

இனி எழுதாதே, ஃபின்டன். வராதே. நீ வந்த அன்றே பிள்ளைகளின் சாப்பாடு நின்றுவிடும்.

பிலோமினா