கம்பெனி வண்டி வந்த படம்

அக்கா,

நீங்கள் கண்ணை மூடிய பிறகு பூட்டியே கிடந்த உங்கள் வீட்டைப் போன வாரம் உங்கள் மகன் காலி செய்தார். டிவிடி பெட்டியை மட்டும் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். ஒவ்வொரு தட்டையும் பனியன் வேஸ்ட் துணியில் சுற்றி வைத்திருக்கிறீர்கள். பிரித்ததும் சாய வாடை. உங்கள் கையிலும் எப்போதும் அந்த வாடைதான்.

எல்லாம் சந்தையில் குவித்துப்போட்டு விற்ற வெளிநாட்டுப் படங்கள். தியேட்டருக்கே வராமல் டிவிக்கென்று எடுத்தவை என்று கடைக்காரர் சொன்னாராம். கொலை, சொத்துத் தகராறு, காணாமல் போன மனைவி. நமக்கு வேறென்ன வேண்டும்? அடிக்கடி திரை கறுத்துப்போகும். நான் தட்டு கெட்டுவிட்டது என்று நினைத்தேன். "அவிங்க ஊர்ல விளம்பரம் போட்ட எடம் கண்ணு" என்று சொல்லி, படத்தை அங்கேயே நிறுத்திவிட்டு டீ வைக்கப் போவீர்கள். டீ வருவதற்குள் கொலைகாரன் யாரென்று நான் சொல்லியாக வேண்டும்.

நம் இருவருக்கும் இங்கிலீஷ் தெரியாது. அதற்கெல்லாம் நீங்கள் அசருகிற ஆளா? சனிக்கிழமையே தனியாக ஒருமுறை பார்த்து வைத்துக்கொண்டு, ஞாயிறு மதியம் படத்தில் வரும் எல்லாருக்கும் நீங்களே தமிழில் பேசுவீர்கள். துப்பறிய வந்த அதிகாரிகூடக் கொலைகாரனிடம், "ஏனுங்க, கத்திய எங்கீங்க வெச்சீங்க?" என்று மரியாதையாகத்தான் கேட்பார்.

என் வீட்டுக்காரர் இறந்தபோது, உங்கள் வீட்டுக்குப் பக்கத்து லைன் வீட்டுக்குள்ளேயே நான் முடங்கிவிட்டேன். தூத்துக்குடியிலிருந்து அண்ணன் வந்து, ஊருக்கு வா என்று நின்றார். போனால் மகளின் படிப்பு போகும். இங்கேயே இருந்தால் வேலைக்குப் போக வேண்டும், அதற்குத் தைரியமில்லை. அந்த ஞாயிறு என்னைக் கையைப் பிடித்து இழுத்துப்போய் உங்கள் டிவி முன்னால் உட்கார வைத்தீர்கள்.

கணவனை இழந்து பெரிய வீட்டில் தனியாக இருக்கும் ஒருத்தியின் கதை. கடைசியில் விடிகாலையில் அவள் வாசலுக்கு வருகிறாள். வெளியே ஒரு கார் நிற்கிறது.

"கம்பெனி வண்டி வந்திருச்சு பாரு கண்ணு. இனி அவ பாட்டுக்கு வேலைக்குப் போயிக்குவா" என்றீர்கள். சொன்ன கையோடு எழுந்து, தூசி என்று முணுமுணுத்துக்கொண்டே திரையைத் துடைத்தீர்கள். நீங்கள் நகர்ந்தபோது பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன.

மறுநாள் காலை தெருமுனையில் உங்கள் பனியன் கம்பெனி வண்டி ஹார்ன் அடித்தபோது நான் டிபன் பாக்ஸோடு நின்றேன். வண்டிக்குள் நீங்கள் நகர்ந்து ஜன்னலோரத்தைக் கொடுத்தீர்கள். செக்கிங்கில் பனியனில் ஓட்டையும் கறையும் தேடக் கற்றுக்கொடுத்தது நீங்கள்தான். கொலைகாரனையே தேடினவளுக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்டீர்கள்.

நேற்று அந்தப் படத்தை மகளோடு பார்த்தேன். அவளுக்கு இங்கிலீஷ் நன்றாகப் புரியும். கடைசிக் காட்சியில் என் தோளைத் தட்டினாள்.

"அம்மா, அது போலீஸ் கார். புருஷனைக் கொன்னதே இவதான். கையில விலங்கு பாருங்க."

பார்த்தேன். திரையின் நடுவில், அன்று உங்கள் முதுகு மறைத்திருந்த அதே இடத்தில், இரண்டு கையிலும் விலங்கு.

அன்று டிவியில் தூசியே இல்லை, இல்லையா அக்கா? சிரிக்கத்தான் ஆரம்பித்தேன். நீங்கள் இல்லையே என்ற நினைப்பு வந்ததும் அழுதுவிட்டேன். மகள் பயந்துபோனாள். விஷயத்தைச் சொன்னதும், "கொலைகாரியக் காட்டியாம்மா உங்கள வேலைக்குக் கூட்டிட்டுப் போனாங்க?" என்றாள். முழுக் கதையையும் சொல்ல வந்தவளை நான் விடவில்லை. எனக்குத் தெரிந்த கதையே போதும்.

இன்று காலையும் வண்டி ஹார்ன் அடித்தது. ஏறுவதற்குமுன் என் இரண்டு கைகளையும் ஒருமுறை பார்த்துக்கொண்டேன். டிபன் பாக்ஸ் மட்டும்தான் இருந்தது. ஏறிவிட்டேன், அக்கா.