எந்தத் தெரு என்று கேட்டால்

அன்பு மகள் கயல்விழிக்கு,

சிங்கப்பூரில் அப்பா சுகம். அம்மாவின் முழங்கால் வலி தேவலையா?

அடுத்த மாதம் கம்ப்யூட்டர் கம்பெனி நேர்காணலில் தெருப் பெயரைச் சொல்லாதே, சாதி தெரிந்துவிடும் என்றேனே, அதை மறந்துவிடு. போனில் சொல்லக் கூச்சமாக இருந்ததால் எழுதுகிறேன்.

நேற்று புது சூப்பர்வைசர், "கீழ்வேளூர் பக்கமா? எந்தத் தெருங்க?" என்றார். உன் அப்பன் பெரிய புத்திசாலியாயிற்றே, நம் தெருவை மறைத்து மேலத்தெரு என்றேன்.

"அட, நானும் அங்கதான்! யாரு வீடு?"

வேலையைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன். அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

எல்லோரும் சமம் என்று அந்தக் கம்பெனி விளம்பரத்தில் போட்டிருப்பதாகச் சொன்னாய். அங்கே தெருவைக் கேட்டால் உள்ளதைச் சொல். "இது வேலைக்கு எதுக்கு சார்?" என்று நீயும் கேள். முகம் சுளித்தால் எழுந்து வந்துவிடு.

முடிந்ததும் போன் செய். டியூட்டியில் எடுக்கக் கூடாதுதான். எடுப்பேன்.

அப்பா
இராஜாங்கம்